முந்நூற்று எண்பத்து நாலு பேர்

திருட்டுப் பட்டத்தோடு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு என்பது ரேடியோவின் கணக்கு. எடுத்தவர்கள் கோபமாக வருவார்கள். எடுக்காதவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வருவார்கள். அன்று காலை அலுவலக நாற்காலியின் நுனியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் இரண்டாவது ரகம்.

ரேடியோவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவன் வாய் ஓயாத காரணத்தால் அது வழக்கத்திலிருந்து போய்விட்டது. அந்தத் துப்பறியும் நிறுவனத்தை ஆரம்பித்தது அவன் அண்ணன். அண்ணன் திடீரென்று போய்ச் சேர்ந்ததும் அண்ணி அதை இழுத்து மூடிவிடுவாள் என்றுதான் சொந்தபந்தம் நினைத்தது. அண்ணி அதுவரை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். அவள் பெயர்ப் பலகையையும் கொழுந்தனையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினாள். ஊர் உலகத்தில் அச்சான எதைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் தப்பின் மேல்தான் போய் உட்காரும். தொழிலுக்கு அது போதுமாக இருந்தது.

நர்ஸ் சொன்ன கதை இது. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது. அவளும் ஆறேழு வருடமாக வேலை முடிந்து வந்து எழுதுகிறாள். அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தான். இவள் பெயர் ஊசி. விதிகளில் முக்கியமானவை இரண்டு. எதை எழுதினாலும் ஏற்கெனவே அச்சில் வந்த ஒன்றைச் சான்றாகக் காட்ட வேண்டும். நான் பார்த்தேன், எனக்குத் தெரியும் என்பதெல்லாம் செல்லாது. அதற்காக அச்சில் வந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கொட்டவும் கூடாது. அது பதிப்புரிமைத் திருட்டு. படித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும்.

"சொந்தமா எதையும் சொல்லக் கூடாது, ஆனா சொந்தமா சொல்லணும்," என்றான் ரேடியோ. "எங்க வீட்டுல எனக்குப் போட்டிருக்கிற சட்டம் மாதிரியே இருக்கு."

நர்ஸ் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நாலு வருடத்துக்கு முன்பு ஊர் ஓரத்தில் ஒரு மெத்தைத் தொழிற்சாலை எரிந்தது. பதினொரு பேர் செத்தார்கள். வெளியே ஓட முடியாதபடி பின் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. செத்தவர்களில் ஒருத்தி நர்ஸின் தங்கை. அன்றைக்கு அவசரப் பிரிவில் நர்ஸுக்கு வேலை. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அந்தத் தீயைப் பற்றிய கட்டுரையைத்தான் அவள் போன வருடம் கலைக்களஞ்சியத்தில் எழுதினாள். பழைய செய்தித்தாள்களைத் தேடித் தேடிச் சான்று கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தானே கட்டி எழுதியது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பதிப்பகம் புகார் கொடுத்தது. அந்தக் கட்டுரை தங்கள் புத்தகத்திலிருந்து வரிக்கு வரி திருடப்பட்டது என்று. புத்தகத்தில் போட்டிருந்த வருடம் அவள் கட்டுரைக்கும் முந்தியது. கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாதம் செய்ய இடமே இல்லை. கட்டுரையை நீக்கினார்கள். பழைய பிரதிகளையும் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தார்கள். திருட்டுச் சரக்கு என்றால் அதுதான் விதி. ஊசி என்ற பெயருக்குக் காலவரையற்ற தடை.

அண்ணி அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"தடை போகாட்டியும் பரவாயில்லைங்க," என்றாள் நர்ஸ். "பேப்பர்ல வந்தது அன்னன்னிக்கே குப்பைக்குப் போயிடும். அந்தக் கதவு பூட்டியிருந்ததுன்னு எல்லாத்தையும் சேர்த்து வெச்சிருந்தது அந்த ஒரு பக்கம்தான். அது திரும்ப வரணும்."

அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி அவளிடம் இருந்தது. ஊரில் நடந்த விபத்துகளைப் பற்றிய ஒல்லியான புத்தகம். உள்ளே பதிப்பகத்தின் முகவரி இருந்தது. ரேடியோ போய்ப் பார்த்தான். அங்கே ஒரு சலவைக் கடை இருந்தது. பதிப்பகம் எங்கே என்று கேட்டதற்குச் சட்டை கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். சின்ன அச்சகங்களில் கேட்ட வருடத்தைப் போட்டு, கேட்ட பெயரைப் போட்டு, பத்துப் பிரதி அடித்துத் தருவார்கள் என்பது அண்ணிக்குத் தெரிந்ததுதான். புத்தகம் போலி. சந்தேகமே இல்லை. ஆனால் சந்தேகம் இல்லை என்பதை நிர்வாகிகளிடம் காட்ட ஒன்று வேண்டும்.

போலி செய்ய யாருக்கு அவசியம் என்பதிலும் ரேடியோவுக்குச் சந்தேகம் இல்லை. கட்டுரை போனால் லாபம் யாருக்கு? தொழிற்சாலை முதலாளிக்கு. மதியமே இரண்டு பேரும் அவருடைய புதுக் காட்சியறைக்குப் போனார்கள். மெத்தை வாங்க வந்த அண்ணனும் தங்கையும் போல நடிக்கலாம் என்று ரேடியோ ஒரு திட்டம் வைத்திருந்தான். அண்ணி நேராகப் போய் யார் என்று சொல்லி, எதற்கு வந்தோம் என்றும் சொல்லிவிட்டாள்.

முதலாளி முகம் மாறவில்லை. அவருக்கும் அது வருத்தம்தானாம். நல்ல கட்டுரை, நடுநிலையாக எழுதியிருந்தார்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தீ விபத்தைப் பற்றிக் கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன், எப்போது திரும்ப வரும் என்று அவரே கேட்டார்.

"காவல்காரன் பூட்டினான்னு அதுல தெளிவா இருந்துச்சும்மா," என்றார். "பேரோட."

வெளியே வந்து காரில் ஏறியதும் ரேடியோவுக்குத் தாங்கவில்லை. "வில்லனைப் பார்க்கப் போனா அவன் வாசகர் கடிதம் எழுதறான், அண்ணி. இனிமே நான் யாரை நம்பி யாரைச் சந்தேகப்படறது?"

அண்ணி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிய ஒரு சின்னப் பெட்டி. அதில் இடம், தேதி, தீப்பிடித்த பகுதி என்று சுருக்கமாக விவரம் போட்டிருந்தது. அவள் விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு, தீப்பிடித்த அந்த மெத்தை வெட்டும் கூடம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டாள்.

நின்றது. இப்போது அதில் டயர் அடுக்கி வைத்திருந்தார்கள். சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தாலும் மேலே கூரைச் சட்டங்களில் கரி அப்படியே இருந்தது. பின் கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். டயர் கணக்குப் பார்க்கிறவர் இவர்களை உள்ளே விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அன்று பணியில் இருந்தவர்கள் 384 என்று புத்தகம் சொல்கிறது, இதற்குள் அத்தனை பேர் நிற்க முடியுமா என்று அண்ணி கேட்டாள்.

"மெத்தை மாதிரி ஒருத்தர் மேல ஒருத்தரை அடுக்கினா முடியும்," என்றான் ரேடியோ. சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்பது உறைத்தது. பின் கதவு மூலையில்தான் அப்படிக் கிடந்தார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தான். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்தாலும் மாட்டிக்கொள்ள மனசு வரவில்லை.

அண்ணி நர்ஸுக்குப் போன் செய்தாள். அன்றைக்கு எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்? நர்ஸ் யோசிக்கவே இல்லை. முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டுக்குப் பக்கத்துல சான்றோட எண் போட்டிருப்பாங்க," என்றாள் அண்ணி காரில் ஏறும்போது. "கட்டுரைல ஒவ்வொரு தகவலுக்கும் மேல அடைப்புக்குறிக்குள்ள சின்னதா ஒரு எண் நிக்கும். கீழே போய்ப் பார்த்தா அந்த எண்ணுக்கு நேரா எந்தப் பேப்பர், எந்தத் தேதின்னு இருக்கும். கட்டுரையை அள்ளினவன் எண்களைச் சுத்தி இருந்த அடைப்புக்குறியை எடுத்தான். வாக்கியங்கள்ல ஒட்டியிருந்த எண்ணையும் எடுத்தான். பெட்டியைக் கவனிக்கல. முப்பத்தெட்டோட ஒரு நாலு ஒட்டிக்கிச்சு."

ரேடியோ ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். புத்தகத்தில் அடிக்குறிப்பே கிடையாது. கிடையாத அடிக்குறிப்பின் எண் அங்கே எப்படி வரும்? கட்டுரையிலிருந்து புத்தகம்தான் வந்தது. புத்தகத்திலிருந்து கட்டுரை வரவில்லை. ஒரே ஒரு நாலில் வழக்கு முடிந்துவிட்டது.

நர்ஸின் வீட்டுக்குப் போய் அவள் கணினியைத் திறக்கச் சொல்லும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

கட்டுரை வெளியான அன்று நர்ஸ் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள். பெட்டியில் பணியாளர்கள் 38 என்று இருந்தது. பக்கத்தில் சின்னதாக எண்ணும் இருந்தது. ஆனால் அது ஆறு.

"முந்நூத்தி எண்பத்தாறுன்னு வரணுமே," என்றான் ரேடியோ. நர்ஸ் இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாளெல்லாம் வெயிலில் அலைந்து கண்டுபிடித்த சான்று இரண்டு எண் வித்தியாசத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இது எப்போதாவது நாலாக இருந்ததா என்று கேட்டாள்.

இருந்தது. வெளியிடுவதற்கு முன்பு எழுதிய வரைவில். கடைசி வாரத்தில்தான் நர்ஸுக்கு மேலும் இரண்டு செய்தித்தாள்கள் கிடைத்தன. அவற்றை ஆரம்பத்திலேயே சேர்த்ததால் பின்னால் வந்த எண்களெல்லாம் இரண்டு இரண்டு தள்ளிப் போயின. அந்த வரைவை யார் பார்த்தார்கள்? ஒருவர்தான். சரி பார்த்துத் தரச் சொல்லி இவளே அனுப்பியது. கலைக்களஞ்சியத்தில் அவருடைய புனைபெயர் எதுவானாலும் எல்லாரும் கூப்பிடுவது கத்தரி என்று. சான்றில்லாத வாக்கியம் எங்கே கண்ணில் பட்டாலும் கூசாமல் வெட்டுகிறவர்.

"ஊசி, கத்தரி. கலைக்களஞ்சியமா தையல் கடையா?" என்றான் ரேடியோ. இந்த முறையும் யாரும் சிரிக்கவில்லை.

அவராக இருக்கவே முடியாது என்றாள் நர்ஸ். அவளைத் திருடி என்று எல்லாரும் சொன்னபோது, இவ்வளவு நாள் நேர்மையாக எழுதியவள், தெரியாமல் செய்திருப்பாள் என்று பேசிய ஒரே ஆள் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. ஒரு முறை இவளுக்கு ஒரு பழைய புத்தகத்தைத் தபாலில் அனுப்பி உதவியிருந்தார். முகவரி அந்த உறையில் இருந்தது.

அண்ணி கிளம்புவதற்கு முன் நர்ஸின் பிரதியையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய அலுவலகப் பழக்கத்தில் ஆள்காட்டி விரலால் வரி வரியாகப் படித்தாள். எல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு வாக்கியம் புத்தகத்தில் இல்லை. பின் கதவைப் பூட்டிய காவலாளியின் பெயரைச் சொல்லும் வாக்கியம். நர்ஸ் அதற்கு மூன்று செய்தித்தாள்களைச் சான்றாகக் காட்டியிருந்தாள்.

படியிறங்கும்போது அண்ணி சொன்னாள், "வீட்டையே வாரிக்கிட்டுப் போனவன் ஒரு சாமானை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்னா, அவன் வந்ததே அந்தச் சாமானுக்காகத்தான்."

மறுநாள் காலை கத்தரியின் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ரேடியோ இரண்டாவது மாடியில் நின்று, குற்றவாளிகள் எல்லாரும் தரைத்தளத்தில் குடியிருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வர வேண்டும் என்றான். கதவைத் திறந்தவர் மெலிந்த மனிதர். வீட்டிலும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருந்தார். உள்ளே சுவர் முழுக்க இரும்பு அலமாரி, வருடம் எழுதி ஒட்டிய செய்தித்தாள் கட்டுகள். துப்பறியும் நிறுவனம் என்றதும் அவர் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

உள் அறையிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் தட்டில் தண்ணீர் கொண்டு வந்தான். தட்டை உள்ளங்கையில் தாங்காமல் மணிக்கட்டுகளுக்கு நடுவில் ஏந்தி வந்தான். குனிந்து வைத்தபோது ரேடியோ அந்தக் கைகளைப் பார்த்தான். இரண்டு உள்ளங்கையிலும் ரேகையே இல்லை. தோல் இழுத்துத் தைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. விரல்கள் முழுதாக விரியவில்லை. அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அண்ணி புத்தகத்தை மேசையில் வைத்து அந்தப் பெட்டி இருந்த பக்கத்தைத் திறந்தாள். முந்நூற்று எண்பத்து நாலு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"எண்ணைச் சரி பார்க்காம விடற ஆள் இல்ல நீங்க," என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"மத்த எல்லாத்தையும் மூணு தடவை படிச்சேன்," என்றார். "அந்தப் பெட்டியை மட்டும் படிக்கல. அதுக்கு அடுத்த வரில இறந்தவர்கள்னு இருக்கு."

பிறகு அவர் மறைக்கவில்லை. மகன் படிப்பு ஏறாமல் தொழிற்சாலை வாசலில் காவலுக்குப் போனதில் அவருக்கு அவமானம். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. தீப்பிடித்த வாரத்தில் சரக்கு திருடு போகிறது என்று முதலாளி மகனுக்குப் போன் செய்து, வேலை நேரத்தில் பின் கதவைப் பூட்டி வை என்று சொல்லியிருக்கிறார். மகன் பூட்டினான். தீ கிளம்பியதும் சாவியோடு ஓடினான். பூட்டு தீயில் பழுக்கக் காய்ந்திருந்தது. வெறுங்கையால் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தவனை யாரோ இழுத்துப் போட்டார்கள். மறுநாள் பேப்பரில் காவலாளி பொறுப்பில்லாமல் கதவைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டான் என்று வந்தது. மூன்று பேப்பரிலும் அதே வார்த்தைகள். போலீஸ் கொடுத்த ஒரே குறிப்பை மூன்று பேரும் போட்டிருந்தார்கள்.

"விதிப்படி அது மூணு சான்று," என்றார். "ஒரே வாய்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது சான்று கிடையாது."

தீ விபத்து வழக்கு நீதிமன்றத்தில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு வராத ஆளின் பெயரைப் போடலாம், போடாமலும் விடலாம், அது எழுதுகிறவர்களின் மனசு. போட வேண்டாம் என்று கலைக்களஞ்சியத்தில் இவர் வாதாடினார். தகப்பன் என்று சொல்லவில்லை. சொன்னால் சொந்தக்காரர் அந்தக் கட்டுரையில் பேசவே கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. அந்த விதியை எழுதியவர்களில் இவரும் ஒருவர். நர்ஸ் விடவில்லை. சான்று இருக்கிறது, பெயர் இருக்கட்டும் என்றாள். மற்றவர்களும் அவள் பக்கம் நின்றார்கள். அதற்குப் பிறகு மகன் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அவன் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். முதலில் வந்து நின்றது அந்தக் கட்டுரைதான்.

முதலாளி போனில் சொன்னதை ஒரு நிருபரிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாமே என்று ரேடியோ கேட்டான். கேலி எதுவும் அவன் குரலில் மிச்சம் இல்லை.

"போனேன். பேப்பர்ல வந்தாத்தான் சான்று. பேப்பர்ல போடறதுக்குச் சான்று கேட்டாங்க." அவர் தண்ணீரைத் தொடவில்லை. "அந்த ஆள் வாயால சொன்னதுக்கு ரசீது எங்க இருக்கு? ரசீது இல்லாத ஒரு செலவை முப்பது வருஷம் நான் ஒத்துக்கிட்டது கிடையாது. என் மகன் விஷயத்துல மட்டும் ஒத்துக்கோங்கன்னு யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

ஒரு வாக்கியத்தை நீக்கினால் யாராவது திரும்பப் போடுவார்கள். முழுக் கட்டுரையும், பழைய பிரதிகளும் சேர்த்து, கேள்வி இல்லாமல் மறைய ஒரே வழிதான் இருந்தது. திருட்டுச் சரக்காக இருக்க வேண்டும். அந்த விதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இதை நிர்வாகிகளிடம் கொடுக்காமல் இருக்க முடியாது என்று அண்ணி சொன்னாள். அவர் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் திருடி இல்லை, அது பொய், பொய்யைச் செய்தது நான் என்று தானே எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். படியில் இறங்கியவர்களைக் கூப்பிட்டு, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அண்ணி நன்றாக இருக்கிறாள் என்று பொய் சொன்னாள்.

நர்ஸை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில் பார்த்தார்கள். அவளுக்கு இடைவேளை. அண்ணி எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள். கத்தரியின் மகன் என்ற இடம் வந்ததும் நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆனால் அழவில்லை.

அந்தப் பெயரை எடுத்துவிடலாமே என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். விதி தடுக்கவில்லையே.

"வரைவுல நான் பதினொரு பேரோட பேரையும் போட்டிருந்தேன்," என்றாள் நர்ஸ். "என் தங்கச்சி பேரு நாலாவதா இருந்துச்சு. அதை வெட்டினது அவர்தான். இது கலைக்களஞ்சியம், நினைவுக் கல் இல்லன்னு காரணம் எழுதினாரு. விதி அப்படித்தான், நானும் சரின்னேன். செத்தவங்க இப்ப அங்க வெறும் ஒரு எண். அவர் மகன் பேரு மட்டும் ஏன் போகணும்?"

கயிற்றில் காய்ந்த விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டன. உள்ளே யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். அவள் இரண்டடி போய்த் திரும்பினாள்.

"அவன் கை எப்படி இருக்கு?"

ரேடியோதான் சொன்னான். ரேகை இல்லாததை, விரல் விரியாததை, தட்டை அவன் ஏந்திய விதத்தை. அவள் தன் தொழில் புத்தியோடு கேட்டுக்கொண்டாள். வெளிப்பக்கமா உள்ளங்கையா என்று ஒரு முறை கேட்டாள். உள்ளங்கை என்றான்.

"ஓடினவனுக்கு உள்ளங்கை வேகாது," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காரியங்கள் அதற்குப் பிறகு வேகமாக நடந்தன. அண்ணி அனுப்பிய விளக்கமும் கத்தரியின் ஒப்புதலும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. அவர் தன் ஒப்புதலில் மகனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஏன் செய்தீர்கள் என்ற கேள்விக்குச் சான்றோடு சொல்லக்கூடிய காரணம் என்னிடம் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தார். அவரை நிரந்தரமாக நீக்கினார்கள். இத்தனை வருடம் நீதி பேசியவர் யோக்கியதையைப் பாருங்கள் என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஊசியின் மேல் இருந்த தடை போனது. நிர்வாகிகள் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். மறைத்து வைத்த கட்டுரையை ஒரு எழுத்துக் குறையாமல் திரும்ப வைத்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்த கூடம், பூட்டிய பின் கதவு, பதினொரு பேர், மூன்று சான்றோடு ஒரு பெயர்.

வழக்கு ஜெயித்த அலுவலகம் மாதிரி இல்லை அது. ரேடியோ ஒரு வாரம் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். நர்ஸ் அதில் கை வைக்கவில்லை. அவள் அங்கே எதையுமே எழுதவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள், உள்ளங்கையைப் பற்றிக் கேட்டாள் இல்லையா, எடுத்துவிடுவாள் என்று அவன் அண்ணியிடம் சொன்னான். அண்ணி அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தாள்.

அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் முற்பகல், அண்ணி வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், கலைக்களஞ்சியத்தில் தனக்கு ஒரு புனைபெயர் வாங்கினான். யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா. காவலாளியின் பெயரைச் சொன்ன வாக்கியத்தை எடுத்துவிட்டான். காரணம் கேட்ட இடத்தில் வாழ்க்கையில் முதல் முறையாக வேடிக்கை இல்லாமல் ஒரு வரி எழுதினான்: இவர் கைகளை நான் பார்த்தேன், இவர் கதவைத் திறக்கத்தான் முயன்றார்.

அண்ணி திரும்பி வந்தபோது அவன் திரையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருந்ததுதான் அவளை மேசைக்கு அருகில் வரவைத்தது. அவன் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள்.

பெயர் இருந்த இடத்திலேயே திரும்ப இருந்தது. பக்கத்தில், திரும்ப வைத்தவர் காரணம் எழுதியிருந்தார்: சான்றுள்ள தகவலை நீக்காதீர்கள். நீங்கள் பார்த்தது சான்று ஆகாது.

அதற்குக் கீழே கையெழுத்து. ஊசி.